கிராம்பும் வேம்பும் எதுவரை போகும்?

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து அத்தை கூப்பிட்டார். வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. "கிராம்பு வைக்கவா, வேப்பிலையைக் கொதிக்க வச்சுக் கொப்பளிக்கவா, இல்ல மெடிக்கல்ல ஒரு ரோஸ் கலர் மருந்து தருவாங்களே, அத வாங்கிட்டு வரச் சொல்லவா? நீதான் கிருமி படிச்ச பிள்ளையாச்சே. எது நல்லாக் கொல்லும்னு சொல்லு."

எது நல்லாக் கொல்லும்? இதே கேள்விக்கு விடை தேடி நானும் ஒரு செமஸ்டரைச் செலவழித்திருக்கிறேன். விடையும் கிடைத்தது. அந்த விடையால் ஒரு பல்லுக்கும் பிரயோஜனம் இல்லை என்பது மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

எம்.எஸ்சி. நுண்ணுயிரியலில் ப்ராஜெக்ட் தலைப்பு கிடைக்காமல் முழிப்பவர்களுக்கு நம் ஊர்க் கல்லூரிகளில் ஒரு சுலப வழி உண்டு: ஏதாவது ஒரு செடி, ஏதாவது ஒரு கிருமி. எனக்கு வாய்த்தவை வேம்பு, கிராம்பு, கடுக்காய். கிருமி, பல் சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். இலையை நிழலில் உலர்த்தி மிக்சியில் பொடித்து, ஒரு பங்கைத் தண்ணீரிலும் ஒரு பங்கை எத்தனாலிலும் ஊறவைப்போம். வடிகட்டி வற்றவிட்டால் அடியில் தார் மாதிரி கரும்பச்சைப் பசை நிற்கும். அதைத்தான் ஆய்வுக் கட்டுரைகள் சாறு என்று மரியாதையாகச் சொல்கின்றன.

இந்தக் கிருமிக்குக் கரியமில வாயு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதற்கான இன்குபேட்டர் எங்கள் லேபில் இல்லை. வாயகன்ற கண்ணாடி ஜாடிக்குள் கிருமி வளர்க்கும் அகர் தட்டுகளை அடுக்கி, மேல் தட்டின் மீது ஒரு சின்ன மெழுகுவத்தியை ஏற்றி வைத்து மூடிவிடுவோம். சுடர் குறுகிக் குறுகி அணையும்போது உள்ளே வாயு தேவையான அளவுக்கு வந்திருக்கும். மறுநாள் காலையில் ஜாடியைத் திறந்தால் மெழுகுப் புகையும் கிராம்பும் கலந்து பிரியாணிக் கடைக்குப் பின்பக்கம் நிற்பது போல ஒரு வாசனை அடிக்கும். தட்டு முழுக்கக் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்க, சாறு ஊற்றிய குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறிப்போம். என் தட்டில் கிராம்பின் எத்தனால் சாறு போட்ட வட்டம், ஒப்பீட்டுக்கு வைத்த குளோர்ஹெக்சிடின் என்ற கொப்பளிப்பு மருந்தின் வட்டத்தைவிடப் பெரியது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

வைவாவில் வெளித் தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குழியில எவ்வளவு ஊத்துனீங்க?" சாறு ஒரு மில்லிலிட்டருக்கு 100 மி.கி. வீதம் கரைத்தது. குளோர்ஹெக்சிடின் கடையில் விற்கும் 0.2 சதவீதக் கரைசல், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 2 மி.கி. ஐம்பது மடங்கு வித்தியாசத்தில் பந்தயம் நடத்திவிட்டு யார் ஜெயித்தார் என்று எழுதி வைத்திருந்தேன். போதாததற்கு, தட்டில் சாறு 24 மணி நேரம் கிருமியோடு இருக்கிறது. வாயில் நாம் கொப்பளிப்பது அரை நிமிடம். அதற்குள் எச்சிலும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

"செடிச் சாறு பல் கிருமியைக் கொல்கிறது" என்று எங்கே படித்தாலும் நான் இப்போது பார்ப்பது இந்த மூன்றைத்தான்: என்ன செறிவு, எவ்வளவு நேரம், எதில் கரைத்த சாறு. மூன்றாவதை வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. ஆய்வில் நன்றாக வேலை செய்வது பெரும்பாலும் எத்தனால், மெத்தனால் சாறு. நாம் அடுப்பில் வைப்பதோ தண்ணீர்க் கஷாயம். கிராம்பின் சரக்கான யூஜினால் எண்ணெய்த் தன்மை உள்ளது, தண்ணீரில் சரியாகக் கரையாது. என் வேப்பிலைத் தண்ணீர்ச் சாற்றைச் சுற்றி வட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே விழவில்லை. மாறாக, கடுக்காயிலும் கருவேலம்பட்டையிலும் இருக்கும் துவர்ப்பான டேனின் தண்ணீரில் நன்றாக இறங்கும். கஷாயம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வேப்பிலையைவிடக் கடுக்காய்க்குத்தான் என் ஓட்டு. பாட்டிமார் கருவேலம்பட்டையைக் கொதிக்க வைத்ததும் கிராம்பை அப்படியே பல்லில் அடக்கியதும் சரியான கைப்பக்குவம்தான் போலும்.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி

தட்டுக்கும் வாய்க்கும் உள்ள இந்த இடைவெளியை முதலில் பார்த்தவர் நுண்ணுயிரியல் படித்தவர் அல்ல. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துகொண்டே லென்ஸ் தேய்த்த ஆண்டனி வான் லீவன்ஹூக். தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டி எடுத்துப் பார்த்து, அதில் உயிர்கள் நெளிவதை 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டும் பார்த்தார். அழுக்கின் மேல்புறத்தில் இருந்தவை மட்டும் செத்திருந்தன, வினிகர் உள்ளே இறங்கவில்லை என்று குறித்து வைத்தார்.

அவர் பார்த்ததை இன்று உயிர்ப்படலம் என்கிறோம். பிளேக் என்றால் பல் டாக்டருக்குப் புரியும். கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை. சர்க்கரையிலிருந்து தாங்களே செய்துகொண்ட பசைக்குள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. மிதக்கும் கிருமியைக் கொல்லும் மருந்தைப் போலப் பத்து மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு கொடுத்தால்தான் படலத்துக்குள் இருக்கும் அதே கிருமி சாகும்.

அதனால் அத்தையிடம் எதிர்க்கேள்வி கேட்டேன். "சூடா டீ குடிச்சா வலி எவ்வளவு நேரம் நிக்குது அத்தை?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "டம்ளரைக் கழுவி வச்சுட்டு வந்து உக்காந்தாலும் தெறிச்சுக்கிட்டே இருக்குடா."

கிருமி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியத்தான் அதைக் கேட்டேன். பல்லின் மேலா, ஈறுக்கு அடியிலா, பல்லுக்கு உள்ளேயா? இந்த மூன்றில் எது என்று தெரியாமல் வேம்பையும் கிராம்பையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பல்லின் மேலே இருந்தால்

செடிகளுக்கு உண்மையாகவே வேலை இருக்கும் இடம் இதுதான். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது, வாய் நாறுகிறது, ஈறோரம் சிவந்திருக்கிறது, ஆனால் வலி இல்லை. இந்த நிலைமையில் இருப்பவருக்குத் தேர்ந்தெடுக்க நிறையவே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அளவுகோல் குளோர்ஹெக்சிடின்தான், அத்தை சொன்ன ரோஸ் கலர் மருந்து. 1970-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவர் சகாவும் மாணவர்களைப் பல் துலக்கவே விடாமல், 0.2 சதவீதக் கரைசலில் 10 மி.லி. எடுத்துத் தினம் இரண்டு வேளை ஒரு நிமிடம் கொப்பளிக்க வைத்தார்கள். பிளேக் படியவில்லை. கிருமியைக் கொல்லும் திறமை மட்டும் இதற்குக் காரணமில்லை. மருந்துக்கு நேர் மின்னூட்டம், பல்லும் வாயின் தோலும் எதிர் மின்னூட்டம். ஒட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். நான் படித்தவரை எந்தச் செடிச் சாறும் இந்த ஒட்டிக்கொள்ளும் வித்தையில் அதற்கு ஈடு கொடுக்கவில்லை.

விலையும் உண்டு. இரண்டு வாரம் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், டீ காபி குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நாக்கில் ருசி கெடும். என் அப்பா இதைப் பயன்படுத்திய பத்து நாளும் ரசத்தில் உப்பில்லை என்று சண்டை போட்டார். பேஸ்ட்டில் இருக்கும் நுரைப் பொருளோடு சேர்ந்தால் மருந்து வீணாகும் என்பதால் துலக்கியதற்கும் கொப்பளிப்பதற்கும் இடையில் அரை மணி நேரமாவது விட வேண்டும். அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையும் வரும். ஆகவே இது சிகிச்சைக்கு அப்புறம் சில நாட்களுக்கான மருந்து. வருஷம் முழுக்கக் குளியலறையில் நிற்க வேண்டிய பாட்டில் இல்லை.

அந்த இடத்துக்குத்தான் மூலிகைகள் போட்டி போடுகின்றன. வேம்புக்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. மணிப்பாலில் 36 இளைஞர்களை வைத்து 6 வாரம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், வேப்பிலைச் சாற்றில் செய்த ஜெல், குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பைவிடப் பிளேக்கை நன்றாகக் குறைத்தது. அது தயாரித்த ஜெல் என்பதையும், 36 பேர் சின்னக் கூட்டம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். திரிபலாவுக்குச் சாட்சி இன்னும் பெரிது: ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை 9 மாதம் தொடர்ந்த ஆய்வு 2011-ல் வெளியானது. திரிபலா தண்ணீர் பிளேக்கையும் ஈறு வீக்கத்தையும் குளோர்ஹெக்சிடினுக்குச் சமமாகக் கட்டுப்படுத்தியது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் டேனின் சுரங்கம் என்பதும் தண்ணீரிலேயே வேலை நடந்துவிடுகிறது என்பதும் இங்கே சாதகம். கஷாயத்தின் துவர்ப்பைப் பிள்ளைகள் சகித்துக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

எண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாட்ஸாப் குரூப்பில் இருந்து என்னை நீக்கிவிடுவார்கள். 2008-ல் சென்னையில் வளரிளம் பையன்கள் 20 பேரை வைத்து நல்லெண்ணெயைச் சோதித்தார்கள். பிளேக்கில் மியூட்டன்ஸ் எண்ணிக்கை ஒன்று, இரண்டு வாரத்தில் குறைந்தது. குளோர்ஹெக்சிடின் குழுவில் அதற்கும் முன்னாலேயே குறைந்துவிட்டது. கேடில்லை, செலவும் இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம் வாயில் எண்ணெயை வைத்துக்கொண்டு வாசல் தெளிக்கவோ பேசவோ முடியாது. ஒருவேளை அந்தப் பதினைந்து நிமிட அலசல்தான் பாதி வேலையைச் செய்கிறதோ என்னவோ. புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. விழுங்குவதில் சிரமம் உள்ள வயசானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இதைத் தொடவே வேண்டாம்.

"கெமிக்கல் வேண்டாம், இயற்கையா ஏதாவது" என்று சொல்லி லிஸ்டரினை ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 1879-ல் அமெரிக்காவில் உருவான அந்தக் கலவையில் கிருமியைக் கொல்லும் சரக்கு நான்கு: தைமால், யூகலிப்டால், மெந்தால், மெத்தில் சாலிசிலேட். தைமால் நம் ஓமத்தின் காரம். யூகலிப்டால் நீலகிரித் தைலம். மெந்தால் புதினா வகையைச் சேர்ந்தது. நான்காவது, அதே நீலகிரி மலையிலும் விளைகிற விண்டர்கிரீன் செடியின் எண்ணெய். இன்று ஆலையில் செயற்கையாகச் செய்தாலும் மூலக்கூறு அதேதான். ஆய்வு வலு என்று பார்த்தால் செடி வழி வந்த கொப்பளிப்பு மருந்துகளில் அதிகம் சோதிக்கப்பட்டது இதுதான். தைமால் அதில் வெறும் 0.064 சதவீதம். அதைக் கரைத்து வைக்க ஊற்றிய ஆல்கஹாலோ இருபது சதவீதத்துக்கும் மேல், அதனால்தான் அந்த எரிச்சல். வாய் உலர்கிறது என்பவர்கள் ஆல்கஹால் இல்லாத வகையை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் குச்சிகள். ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி, அரபு நாடுகளில் இருந்து வருபவர்கள் கொண்டுவரும் மிஸ்வாக். இவற்றைச் சாறு என்று பார்ப்பதே தப்பு. நுனியை மென்று நாராக்கித் தேய்க்கும்போது அது பிரஷ். லீவன்ஹூக்கின் வினிகர் செய்ய முடியாததை, அதாவது படலத்தை உடைப்பதை, நார் செய்துவிடுகிறது. கசப்புச் சாறு போனஸ். மிஸ்வாக்கில் அந்த போனஸ் கொஞ்சம் கனமானது: அதன் வேரில் உள்ள பென்சைல் ஐசோதயோசயனேட், ஈறு நோய்க் கிருமிகளைக் கொல்வதை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். குச்சியின் குறை கை எட்டாத இடம். கடைவாயின் உள்பக்கத்தை வேப்பங்குச்சியால் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். முன்பல்லிலேயே அழுத்தித் தேய்த்து ஈறு மேலேறி, வேர் தெரியும் தாத்தாக்களை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படலத்தை உடைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஹரால்ட் லோவின் ஆய்வுதான் சாட்சி. 1965-ல் ஆரோக்கியமான ஈறுள்ளவர்களைத் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சில நாளில் சரியாகிவிட்டது. அதற்குச் செடியும் தேவைப்படவில்லை, மருந்தும் தேவைப்படவில்லை.

ஈறில் லேசாக ரத்தம் கசியும் ஒருவர் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான்: ஃப்ளோரைடு பேஸ்ட்டும் மென்மையான பிரஷ்ஷும் தினம் இரண்டு வேளை, அதை விடவே கூடாது. மேற்கொண்டு ஏதாவது செய்யத் தோன்றினால் திரிபலாத் தண்ணீரோ லிஸ்டரினோ, நாக்குக்குப் பிடித்தது எதுவோ அது. வேப்பங்குச்சி பிடிக்கும் என்றால் காலையில் குச்சி, ராத்திரியில் பேஸ்ட். மூலிகைப் பல்பொடிக்கு முழுசாக மாறுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் பல பொடிகளில் ஃப்ளோரைடு கிடையாது. கிருமி விடும் அமிலத்துக்கு எனாமல் கரைவதைத் தடுப்பது ஃப்ளோரைடு. அந்த வேலையை வேம்பு செய்யாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு கூடுதல், அங்கே பிள்ளைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்பதைப் பல் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உமிக்கரி, செங்கல் பொடி பக்கம் போகவே வேண்டாம். கிருமியோடு எனாமலையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

ஈறுக்கு அடியில் இருந்தால்

இங்கே ஒப்பீடு சீக்கிரம் முடிந்துவிடும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் ஆரோக்கியமான வாயில் 3 மி.மீ. வரை ஒரு சின்ன இடுக்கு இருக்கும். காரை படிந்து ஈறு விலகினால் அது 5, 6 மி.மீ. பையாகிவிடுகிறது. அதன் அடியில், காற்றுப் படாத இடத்தில் வாழும் கிருமி போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ். தட்டில் வைத்துப் பார்த்தால் மிஸ்வாக்குக்கும் சாகும், வேறு பல செடிகளுக்கும் சாகும். ஆனால் கொப்பளிக்கும் எந்தத் தண்ணீரும் ஈறின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்குவதே அரிது. குளோர்ஹெக்சிடினுக்கும் இதே கதிதான்.

பல் ஆடுகிறது, ஈறை அழுத்தினால் சீழ் வருகிறது, பல் நீண்டது போலத் தெரிகிறது என்றால் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங், தேவைப்பட்டால் வேர்வரை சுத்தம் செய்வது. வேறு வழியில்லை. துவர்ப்புக் கஷாயம் இங்கே ஒரு விதத்தில் ஏமாற்றவும் செய்யும்: டேனின் ஈறின் மேல்தோலை இறுக்கி ரத்தக் கசிவை நிறுத்திவிடும், ஆள் சரியாகிவிட்டது என்று நினைப்பார், கீழே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இரட்டைச் சுமை. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது.

பல்லுக்கு உள்ளே போய்விட்டால்

அத்தையின் பல் இங்கேதான் இருந்தது. சூடு பட்டு, சூடு போன பிறகும் வலி நிற்காமல் தெறித்தால் உள்ளே இருக்கும் நரம்புக் கூழ் மீளாத அளவுக்கு அழற்சியாகி இருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். எனாமலையும் அதன் கீழுள்ள டென்டினையும் தாண்டிக் கிருமி உள்ளே போயாகிவிட்டது. வெளியிலிருந்து கொப்பளிப்பது, பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் எலிக்கு வாசலில் மருந்து வைப்பது மாதிரி.

அப்படியானால் கிராம்புக்கு வலி ஏன் கேட்கிறது? யூஜினால் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான், ஆனால் வலி குறைவது அதனால் இல்லை. அது நரம்பை மரக்கச் செய்கிறது. குவைத்தில் 2006-ல் ஊசி குத்தும் வலியை வைத்துச் சோதித்தபோது கிராம்பு ஜெல்லும், மரக்கச் செய்ய டாக்டர்கள் தடவும் பென்சோகைன் ஜெல்லும் ஏறக்குறைய சமமாக நின்றன. ஆக, ராத்திரியைக் கடத்தக் கிராம்பு நல்ல தேர்வு. வேப்பிலையால் அதுகூட முடியாது.

கிராம்பை வைக்கும் விதம் முக்கியம். முழுக் கிராம்பை லேசாக நசுக்கிச் சொத்தைப் பல்லின் மேல் அடக்கினால் போதும். தைலம் அப்படியில்லை. கிராம்புத் தைலத்தில் எழுபது முதல் தொண்ணூறு சதவீதம்வரை யூஜினால்தான். பத்தொன்பது வயசில் ஹாஸ்டலில் எனக்குப் பல்வலி வந்தபோது பஞ்சைத் தைலத்தில் நன்றாக முக்கி, கடைவாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் பல் வலிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஈறும் கன்னத்தின் உள்தோலும் வெள்ளையாக வெந்து, உரித்தால் பிய்ந்து வந்தது. நாலு நாள் தயிர்சாதம். இப்போது யார் கேட்டாலும் ஒரு சொட்டுத் தைலத்தைப் பத்துச் சொட்டு நல்லெண்ணெயில் கலந்து, காதுகுடையும் பஞ்சுக் குச்சியால் பல்லில் மட்டும் தொட்டு வைக்கச் சொல்கிறேன். பாட்டிலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சுமார் 10 மி.லி. குடித்ததிலேயே குழந்தைக்குக் கல்லீரல் செயலிழந்த பதிவு இருக்கிறது. வேப்பெண்ணெய் கைக்குழந்தைகளுக்கு இன்னும் மோசம். உள்ளுக்குக் கொடுத்ததால் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து எல்லோரும் கேட்பது, "பேசாம ஆன்டிபயாடிக் போட்டுரலாமா?" மெடிக்கலில் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். கூழ் அழுகிவிட்டால் அதற்குள் ரத்த ஓட்டமே இல்லை, ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும்? பல் சிகிச்சை உடனே கிடைக்கும் நிலையில், இப்படிப்பட்ட பல்வலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் 2019-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. ராத்திரிக்குக் கிராம்பும் ஒரு பாராசிட்டமாலும் போதும்.

ஆனால் சில அறிகுறி வந்தால் கிராம்பும் வேண்டாம், காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கெட்டியாக வீங்குவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, வாய் திறக்க முடியாதது, எச்சில் விழுங்க முடியாதது, காய்ச்சலோடு குரல் மாறுவது. சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கும் நிலை இது. பல் டாக்டரையும் தேட வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போக வேண்டும். அத்தைக்குச் சர்க்கரையும் உண்டு என்பதால் இதை இரண்டு தடவை சொன்னேன். "வீக்கமெல்லாம் இல்லடா, பயமுறுத்தாத" என்றார்.

பல்லைத் திறந்து உள்ளே கழுவும் வேலைக்குச் செடிச் சாறு உதவுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. அதில் ஒன்று சென்னையில் நடந்தது. ரூட் கேனல் செய்தும் பிடிவாதமாகத் தங்கிவிடும் கிருமி என்டிரோகாக்கஸ் ஃபீகாலிஸ். 2010-ல் வெளியான அந்த ஆய்வில் பிடுங்கிய பல்லின் மேல் இந்தக் கிருமியின் படலத்தை வாரக் கணக்கில் வளர்த்து, திரிபலாவையும் பச்சைத் தேயிலைச் சாற்றையும் ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டும் கிருமியைக் கணிசமாகக் குறைத்தன. ஆனால் முதலிடம், டாக்டர்கள் வழக்கமாக ஊற்றும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்குத்தான். அந்த மருந்து கிருமியைக் கொல்வதோடு நிற்காமல் செத்த கூழையும் கரைத்துவிடுகிறது. நாளைக்கே திரிபலா ரூட் கேனலுக்குள் வந்தாலும் அது டாக்டரின் சிரிஞ்சு வழியாகத்தான் வரும், நம் டம்ளர் வழியாக வராது.

ஞாயிறு முழுக்க அத்தை கிராம்போடு ஓட்டினார். கிளம்புவதற்கு முன்னால் ஒன்று மட்டும் ஞாபகப்படுத்தினேன், கிராம்பு வைத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லி. யூஜினால் பட்ட இடத்தில் பல் நிறத்து ரெசின் அடைப்பு சரியாக இறுகாது.

திங்கள் மத்தியானம் கூப்பிட்டார். பாதி வாய் மரத்துப் போயிருந்ததில் பேச்சு குழறியது, ஆனாலும் குரலில் ஒரு வெற்றி. "டாக்டரம்மா பல்லைத் தோண்டி, உள்ளாற கழுவிட்டு, மேல வெள்ளையா ஒண்ணு வச்சு அடைச்சாங்கடா. என்ன வாசன தெரியுமா? கிராம்புடா! நான் வச்சா நாட்டு வைத்தியம், அவங்க வச்சா டாக்டரா?"

துத்தநாக ஆக்சைடு பொடியை யூஜினாலில் குழைத்த தற்காலிக அடைப்பு அது. உலகம் முழுக்கப் பல் டாக்டர்கள் வைப்பதுதான் என்றேன். "சரி சரி, எப்படியோ கிராம்புதான்" என்றார். அடுத்த சிட்டிங் வியாழக்கிழமையாம். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு கடிக்கக் கூடாது.